மதியம் இடி இடிக்கும் ஊருக்கு முதல் பயணம்

வாசகர் கேள்வி - பதில்

இந்த மாதம் வந்த பயணக் கேள்விகளில் பாதிக்கு மேல் டிஸ்னி, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ பற்றியவை. கேட்டவர்கள் எல்லோரும் அந்த ஊருக்கு முதல்முறை போகிறவர்கள். சிலர் அமெரிக்காவிலேயே இருப்பவர்கள், சிலர் பிள்ளைகள் அழைத்துப் போகக் காத்திருக்கும் பெற்றோர். அதனால் இந்த இதழ் முழுக்க ஆர்லாண்டோதான்.

கேள்வி: பிள்ளைகளுக்கு வயது 5, 9. டிஸ்னியில் நான்கு பூங்கா, யுனிவர்சலில் மூன்று, போதாததற்கு நீர்ப்பூங்காக்கள் வேறு. எங்களிடம் இருப்பது ஒரே வாரம். எப்போது போவது, எதை விடுவது?
*- வாசகி, எடிசன், நியூ ஜெர்சி*

தேதியில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. ஃபுளோரிடா பள்ளிகள் ஆகஸ்ட் 10-ஐ ஒட்டித் திறந்துவிடும். ஜார்ஜியா, டெக்சாஸ் பிள்ளைகளும் ஆகஸ்ட் பாதிக்குள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். நியூ ஜெர்சியில் பெரும்பாலான பள்ளிகள் செப்டம்பர் முதல் வாரம்தான் திறக்கின்றன. ஆகஸ்ட் 20-லிருந்து மாதக் கடைசி வரை கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தே குறையும், ஹோட்டல் வாடகையும் இறங்கும். ஆனால் புயல் பருவம் ஜூன் 1-லிருந்து நவம்பர் 30 வரை. அதில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் உச்சம். எனவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாகப் போடுங்கள். பயணக் காப்பீடு எடுப்பதானால் முன்பதிவு செய்த கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்கு உதவாது.

பூங்காக்களுக்கு வருவோம். டிஸ்னியில் மேஜிக் கிங்டம் (1971), எப்காட் (1982), ஹாலிவுட் ஸ்டுடியோஸ் (1989), அனிமல் கிங்டம் (1998) என நான்கு. யுனிவர்சலில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். 2025 மே 22-ல் திறந்த எபிக் யுனிவர்ஸ் சில மைல் தள்ளித் தனியாக. இரண்டு கம்பெனியையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காரணம் இரண்டு. ஒரே இடத்தில் நாட்கள் கூடக் கூட ஒரு நாளின் டிக்கெட் விலை இறங்கும். பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்தால் அந்தச் சலுகை போய்விடும். அதைவிட முக்கியம், யுனிவர்சலின் பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 48 அங்குலம், அதாவது 122 செ.மீ. உயரம் வேண்டும். 5 வயதுப் பிள்ளை வெளியே நின்று அண்ணனையோ அக்காவையோ வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சின்னது வளர்ந்தபின் யுனிவர்சலுக்குப் போங்கள்.

7 இரவுக்கு 4 பூங்கா நாள் போதும். வந்து இறங்கும் நாளில் டிக்கெட் வாங்காதீர்கள். இரண்டு பூங்கா நாள், ஒரு ஓய்வு, மறுபடி இரண்டு என்று வையுங்கள். நான்கில் இரண்டு நாளை மேஜிக் கிங்டமுக்கே கொடுக்கலாம். 5 வயதுக்கு அதுதான் ஊர். எதையாவது விடுவதென்றால் எப்காட்டை விடுங்கள். அங்கே பெரியவர்களுக்கு உள்ள ருசி பிள்ளைகளுக்கு இல்லை.

ஒவ்வொரு நாளும் கணக்கு ஒன்றுதான்: கதவு திறக்கும்போது உள்ளே இருக்க வேண்டும், 1 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும், தூங்கி எழுந்து 5 மணிக்கு மேல் மறுபடி போக வேண்டும். அதே டிக்கெட்டில் அன்றைக்கே திரும்ப நுழையலாம். முதல் ஒன்றரை மணி நேரத்தில் நான்கு ரைடு முடியும். அதே நான்குக்கு மதியம் 12-லிருந்து 4 வரை நின்றாலும் முடியாது.

முதல்முறை போகிறவர்கள் ஏமாறும் இடம் மேஜிக் கிங்டமின் வாசல். காரை நிறுத்தும் இடத்திலிருந்து பூங்கா நடந்து போகும் தூரத்தில் இல்லை, நடுவில் ஏரி இருக்கிறது. காரை நிறுத்தி, பாதுகாப்புச் சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ ஏறித்தான் வாசலுக்குப் போக முடியும். இதற்கே 30-லிருந்து 45 நிமிடம். ஊபர், லிஃப்ட் வண்டிகளும் ஏரிக்கு இந்தப் பக்கமே இறக்கிவிடும். டிஸ்னி ஹோட்டல் பஸ் மட்டும் நேராக வாசலுக்குப் போகும். 9 மணிக்குத் திறக்கிறது என்றால், வாடகை வீட்டிலிருந்து வருகிறவர்கள் 8 மணிக்குள் காரை நிறுத்தியிருக்க வேண்டும். 9-க்குக் காரை நிறுத்தியவர் 10 மணிக்கு உள்ளே போவார், அதற்குள் நல்ல நேரம் கடந்திருக்கும்.

கேள்வி: எனக்கு 63 வயது. முட்டி வலி, சர்க்கரை உண்டு. டாலஸில் இருக்கும் மகள் ஜூலையில் அழைத்துப் போகிறாள். அங்கே 33 டிகிரிதானாம், நாங்கள் 40 பார்த்தவர்கள். புடவைதான் கட்டுவேன். சமாளிக்க முடியுமா?
*- வாசகி, மதுரை*

முடியும், அம்மா. ஆனால் அந்த 33-ஐ நம்பாதீர்கள். மதுரை வெயில் காய்ந்த வெயில். ஆர்லாண்டோ வெயில் சென்னைக் கடற்கரையின் மே மாதப் புழுக்கம். வியர்வை காயாது, உடம்புக்கு 40-க்கு மேல் இருப்பதுபோல் தோன்றும். மதுரையில் நீங்கள் மத்தியானம் 12 மணிக்கு சிமெண்டுத் தரையில் ஐந்து மணி நேரம் நடப்பதில்லை. இங்கே அதைத்தான் செய்யச் சொல்வார்கள். ஒரு நாளில் 10 முதல் 12 கிலோமீட்டர் நடை வந்துவிடும்.

வெட்கப்படாமல் சக்கர நாற்காலி எடுங்கள். பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பேட்டரி வண்டியும் உண்டு, ஆனால் குறைந்த எண்ணிக்கைதான், காலையிலேயே தீர்ந்துவிடும். ஹோட்டலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் வெளிக் கடைகளிடம் மகளை முன்கூட்டியே பதியச் சொல்லுங்கள். நாற்காலியில் வந்தால் வரிசையில் முந்திவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ஆனால் வரிசையில் நிற்காமல் உட்கார்ந்தே நகரலாம்.

புடவை பற்றி ஒளிக்காமல் சொல்கிறோம்: ரைடு ஏறும் நாட்களில் வேண்டாம். ஹாண்டட் மேன்ஷன் போன்றவற்றில் ஏறும் தரையே நகர்ந்துகொண்டிருக்கும், அதில் கொசுவம் மாட்டும். நாற்காலிச் சக்கரத்தில் முந்தானை சுற்றும். நனைந்த புடவை அன்று முழுக்கக் காயாது. துப்பட்டா இல்லாத பருத்தி சுடிதார் போதும். நகரும் தரையில் ஏறத் தயக்கமாக இருந்தால் அங்கே நிற்கும் பணியாளரிடம் முன்னதாகச் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள். செருப்பு புதிதாக வாங்கினால் குறைந்தது மூன்று வாரம் ஊரிலேயே போட்டு நடந்து பழக்குங்கள். கட்டைவிரல் இடுக்கில் வார் வைத்த செருப்பு இரண்டாம் நாளே புண்ணாக்கும்.

உங்களுக்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. எப்காட்டில் லிவிங் வித் த லேண்ட் என்று ஒரு படகு. ஏறக்குறைய கால் மணி நேரம் பசுமைக்குடில்களுக்குள் மெதுவாகப் போகும். மண்ணே இல்லாமல் தொங்கும் வேர்களோடு காய்கறி வளர்வதையும், பந்தலில் தக்காளி கொத்துக்கொத்தாகத் தொங்குவதையும், வாழையையும் பார்க்கலாம். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டாம் சுற்று கேட்பார்கள். அனிமல் கிங்டமில் ஆனந்தபூர் என்று கற்பனையாக ஒரு ஆசிய ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள். பழைய சுவரோவியம், பாழடைந்த அரண்மனை எல்லாம் பார்க்க நம்மூர் சாயல் தெரியும், அதற்குள் புலி உலாவும். புலியைப் பார்ப்பது நடைபாதையில்தான், ரைடில் இல்லை. சஃபாரி வண்டி குலுங்கும். முட்டிக்குப் பரவாயில்லை, முதுகுவலி இருந்தால் யோசியுங்கள்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ காரில் வைக்கவே கூடாது. மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் மருந்து கெட்டுவிடும் சூடு ஏறும். ஒவ்வொரு பூங்காவிலும் முதலுதவி மையம் உண்டு, படுத்து ஓய்வெடுக்க இடம் தருவார்கள். அமெரிக்காவில் மருத்துவச் செலவு உங்களுக்குத் தெரியும். கிளம்பும் முன் பார்வையாளர் காப்பீடு எடுத்தாயிற்றா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பொருந்துமா என்று மகளிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வானிலை ஆப்பில் நாங்கள் போகும் ஏழு நாளும் இடி, மழை என்று காட்டுகிறது. தேதியை மாற்றிவிடலாமா?
*- வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்*

மாற்றினாலும் அதேதான் காட்டும். மே கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரை அந்த ஊர் அப்படித்தான். ஃபுளோரிடா ஒரு ஒடுங்கிய தீபகற்பம். காலை வெயிலில் நிலம் சூடானதும் கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்தும் மேற்கே வளைகுடாவிலிருந்தும் கடற்காற்று உள்ளே நுழையும். இரண்டும் நடுவில் மோதும் இடத்தில்தான் ஆர்லாண்டோ இருக்கிறது. மோதிய ஈரக்காற்று மேலே ஏற, 2 மணி, 3 மணி வாக்கில் இடியோடு கொட்டும். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் வானம் ஒன்றும் நடக்காததுபோல் வெளுத்துவிடும். நாள் முழுக்க நசநசவென்று தூறும் மழை அபூர்வம்.

மழைக்கு ரைடுகள் நிற்பதில்லை, மின்னலுக்குத்தான் நிற்கும். பக்கத்தில் மின்னல் இறங்கியதும் வெளியில் ஓடும் எல்லாமும் மூடும். நீச்சல் குளம், நீர்ப்பூங்கா, கயிற்றில் தொங்கிப் போகும் ஸ்கைலைனர் உட்பட. கூரைக்குள் ஓடும் ஸ்பேஸ் மவுண்டன், ஹாண்டட் மேன்ஷன், பைரட்ஸ் போன்றவை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மேகம் கறுக்கும்போதே நீங்கள் கூரைக்குள் ஓடும் ஒன்றின் வரிசையில் இருக்க வேண்டும். முதல் துளி விழுந்த பிறகு யோசித்தால், அதே யோசனை வந்த ஆயிரம் பேருக்குப் பின்னால்தான் நிற்பீர்கள்.

இன்னொரு நுணுக்கம். இடி ஓய்ந்ததும் ரோலர் கோஸ்டரை உடனே திறக்கமாட்டார்கள். ஆளில்லாத காலி ரயிலைப் பலமுறை சுற்றவிட்டுப் பார்ப்பார்கள். தண்டவாளத்தில் காலி ரயில் ஓடுவது கண்ணில் பட்டால், திறக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். வாசல் பக்கம் போய் நில்லுங்கள். அந்நேரம் பாதிக் கூட்டம் நனைந்த துணியோடு வீட்டுக்குக் கிளம்பியிருக்கும். மழைக்குப் பிந்திய மாலை 5 மணி, காலை 9 மணிக்கு அடுத்த நல்ல நேரம்.

நீர்ப்பூங்காவுக்குப் போகும் நாளில் மட்டும் கண்டிப்பாகத் திறக்கும் நேரத்துக்கே போங்கள். சாவகாசமாக 12 மணிக்குப் போனால் இரண்டு சறுக்கு போவதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். ஜிப், பித்தளைப் பொத்தான், கம்பி வைத்த நீச்சல் உடைக்கு சறுக்குகளில் அனுமதி கிடையாது. சறுக்கின் பரப்பைக் கீறும் என்பதுதான் காரணம்.

குடையைவிட மழைக்கோட்டு நல்லது, கூட்டத்தில் குடை விரிக்க இடமிருக்காது. ஒரு டாலர் கடையில் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே விலை பல மடங்கு. ஒரு ஜிப் பையில் ஆளுக்கு ஒரு ஜோடி காய்ந்த காலுறை வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் காலுறையோடு மூன்று மணி நேரம் நடந்தால் மறுநாள் பூங்கா நாள் போச்சு.

கேள்வி: ஹோட்டல் வரவேற்பறையில் காலை உணவும் பாதி விலை டிக்கெட்டும் தருவதாகச் சொல்வார்களாமே, வாங்கலாமா?
*- வாசகர், சிகாகோ*

அது டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை வீட்டைப் பலர் பங்கிட்டு ஆளுக்குச் சில நாள் பயன்படுத்தும் திட்டத்தின் விற்பனைக் கூட்டம். 90 நிமிடம் என்பார்கள், அரை நாள் பிடித்துக்கொள்ளும். நான்கு பேருடைய அரை நாள் பூங்கா நேரம் கிடைக்கும் தள்ளுபடியைவிட விலை கூடியது. உள்ளே போய்க் கூச்சத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டாம்: 10 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய ஃபுளோரிடா சட்டம் இடம் தருகிறது.

யாரோ ஒரு நாள் பயன்படுத்திய டிக்கெட்டின் மிச்ச நாட்களையும் வாங்காதீர்கள். அப்படி விற்பது அங்கே சட்டப்படி குற்றம். வாசலில் விரல் ரேகை பார்க்கும்போது உங்கள் டிக்கெட்டும் செல்லாது.

கேள்வி: வரிசையில் முந்துவதற்குத் தனிக் காசு கட்ட வேண்டுமாமே. உண்மையிலேயே தேவையா?
*- வாசகர், ஷார்லட், வட கரோலினா*

ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவரிடம் நிற்காமல் போக இன்னொரு டிக்கெட் விற்பது எரிச்சலான விஷயம்தான். ஆனாலும் எல்லா நாளுக்கும் ஒரே பதில் கிடையாது.

டிஸ்னியில் அதற்கு லைட்னிங் லேன் என்று பெயர். மல்ட்டி பாஸ் வாங்கினால் ஒரு பூங்காவில் மூன்று ரைடுகளுக்கு நேரம் முன்பதிவு செய்யலாம். ஒன்றைப் பயன்படுத்தியதும் இன்னொன்று பிடிக்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு 7 நாள் முன்பாகவும் மற்றவர்களுக்கு 3 நாள் முன்பாகவும், கிழக்கு நேரப்படி காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். உங்கள் ஃபோனில் முந்தின இரவே கணக்குத் திறந்து, குடும்பத்தில் எல்லோருடைய டிக்கெட்டையும் சேர்த்து, கார்டு எண்ணும் ஏற்றி வைத்திருங்கள். 7:10-க்குக் கார்டைத் தேடிக்கொண்டிருந்தால் காலை நேரங்கள் போய்விடும். பதிவு செய்த ரைடு மின்னலால் மூடினால் பயப்பட வேண்டாம், வேறு ரைடுக்கு மாற்றிக்கொள்ளும் பாஸ் தானாகவே வந்துவிடும்.

மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் வாங்குங்கள். அனிமல் கிங்டமுக்கு வேண்டாம். அங்கே கதவு திறந்ததும் நேரே ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் என்ற ரைடுக்கு நடந்தால் வேலை முடிந்தது.

யுனிவர்சலில் கணக்கு வேறு. அங்கே எக்ஸ்பிரஸ் பாஸ் தனியாக வாங்கினால் சில நாட்களில் டிக்கெட் விலையையே தொடும். ஆனால் போர்ட்டஃபீனோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால் அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அது இலவசம்; உள்ளே வரும் நாள், வெளியேறும் நாள் இரண்டுக்குமே செல்லும். ஒரே ஒரு இரவு தங்கினாலும் இரண்டு நாள் கிடைக்கிறது. நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த அறை வாடகை, நான்கு பாஸ் வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. இந்தச் சலுகை பழைய இரண்டு பூங்காக்களுக்கு மட்டும், எபிக் யுனிவர்ஸுக்குக் கிடையாது.

கேள்வி: மகன் 43 அங்குலம். எதில் ஏற்றுவார்கள்? தங்கை கைக்குழந்தை, நாங்கள் இருவரும் ஏறவே முடியாதா?
*- வாசகி, சான் ஹோசே*

38 அங்குலம் (97 செ.மீ.) கேட்கும் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக் டாஷ், 40 (102 செ.மீ.) கேட்கும் சோரின், டியானாஸ் பாயு அட்வெஞ்சர், 42 (107 செ.மீ.) கேட்கும் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி என இத்தனையிலும் ஏறலாம். ஸ்பேஸ் மவுண்டன், எவரெஸ்ட், ஃப்ளைட் ஆஃப் பாசேஜ் மூன்றும் 44 (112 செ.மீ.). ஒரு அங்குலத்தில் போகிறது. ட்ரான் 48.

வாசலில் அளவுக்கோல் வைத்து அளப்பார்கள். செருப்பு, ஷூவோடு அளப்பதால் தடித்த அடி உள்ள ஷூ கொஞ்சம் கை கொடுக்கும். முடியைத் தூக்கிக் கட்டினால் எண்ணமாட்டார்கள். "நேற்று அந்தப் பூங்காவில் விட்டார்களே" என்ற வாதமும் எடுபடாது. வீட்டிலேயே சுவரில் அளந்து, எதில் முடியாது என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்ற பிறகு வரிசை முனையில் தெரிய வந்தால் வரும் அழுகைக்கு மருந்து கிடையாது.

கைக்குழந்தைக்கு ரைடர் ஸ்விட்ச் இருக்கிறது. ரைடு வாசலிலேயே பணியாளரிடம் கேளுங்கள். ஒருவர் பையனோடு வரிசையில் போக, மற்றவர் குழந்தையோடு வெளியே இருக்கலாம். முதல் ஆள் இறங்கி வந்ததும் அடுத்தவர் நீண்ட வரிசையில் நிற்காமலே ஏறலாம், பையன் கூடவே இரண்டாம் முறையும் போகலாம். இது இலவசம். யுனிவர்சலில் சைல்ட் ஸ்வாப் என்பார்கள், உட்கார ஓர் அறையும் உண்டு.

தள்ளுவண்டி அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இழுத்துப் போகும் வேகன் வகை டிஸ்னியில் தடை. நிறுத்திவிட்டு ரைடு போய் வருவதற்குள் பணியாளர்கள் வண்டிகளை வரிசைப்படுத்தி நகர்த்தியிருப்பார்கள். பளிச்சென்ற ரிப்பன் ஒன்றைக் கட்டி வையுங்கள், பர்ஸை அதில் வைக்காதீர்கள். பேபி கேர் சென்டரில் பால் கொடுக்கத் தனியறையும் உணவு சூடாக்க மைக்ரோவேவும் இருக்கின்றன.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். கட்டுச்சோறு கொண்டுபோகலாமா?
*- வாசகி, ஃப்ரீமாண்ட்*

டிஸ்னிக்குள் தாராளமாக. கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது. ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் இருந்தால் வாசலோடு போச்சு, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். உதிரி ஐஸ் கட்டிக்கும் தடை. தண்ணீர் பாட்டிலை முந்தின இரவே உறைய வைத்துப் பையின் நடுவில் வையுங்கள். சாப்பாடும் கெடாது, மதியம் குடிக்கவும் ஆகும்.

புளியோதரை, எலுமிச்சை சாதம் தாங்கும். தயிர்சாதம் என்றால் தயிரைக் குறைத்து, குழைந்த சோற்றில் ஆறிய பாலை நிறைய விட்டு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசையுங்கள். மதியத்துக்குள் பதமாகத் தோய்ந்திருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றிப் பிசைந்தால் அந்தப் புழுக்கத்தில் 11 மணிக்கே புளித்துவிடும். தேங்காய் சேர்த்த எதுவும் வேண்டாம்.

யுனிவர்சலில் இது நடக்காது. தண்ணீர், சூடாக்க வேண்டாத சிறு தின்பண்டம், குழந்தை உணவு, மருத்துவக் காரணமாக வேண்டிய உணவு இவ்வளவுதான். சூடு, குளிர் காக்கும் துணிப் பை கூட 8.5 அங்குல நீளம், 6 அங்குல உயர, அகலத்துக்குள் இருக்க வேண்டும். முறுக்கும் பழமும் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்னி உணவகப் பட்டியல்களில் இலைக் குறி போட்டவை பால், முட்டை கூடச் சேராதவை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் சனா என்ற உணவகத்தில் நானும் பலவகைச் சட்னிகளும் ஒரு தட்டாகத் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அதற்குப் பூங்கா டிக்கெட் வேண்டாம், இட முன்பதிவு வேண்டும். வழியில் மெக்டொனால்ட்ஸில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிப் பசி ஆற்றலாம் என்று நினைத்தால், அமெரிக்காவில் அதில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி சேர்க்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் வாங்கவே வேண்டாம். குளிர்பானம் விற்கும் எந்தக் கவுண்டரிலும் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசமாகக் கொடுப்பார்கள், கேட்க வேண்டும்.

கேள்வி: மூன்று குடும்பம், 11 பேர். கிஸிமியில் நீச்சல் குளத்தோடு வீடு எடுக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
*- வாசகர், அட்லாண்டா*

இணையத்தில் தெரியும் ஒரு நாள் வாடகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுத்தம் செய்யும் கட்டணமும், கிஸிமி இருக்கும் ஆசியோலா கவுண்டியில் 13.5 சதவீத வரியும் சேரும். ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் வரி 12.5. கிஸிமி முகவரி என்பதால் டிஸ்னிக்குப் பக்கம் என்று சொல்ல முடியாது, அந்த ஊர் நீளமானது. முகவரியிலிருந்து பூங்கா வாசலுக்குக் காலை 7:30 மணி நெரிசலில் எத்தனை நிமிடம் என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 25-க்கு மேல் போனால் மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பும் எண்ணமே வராது. ஜூலையில் குளத்துக்குச் சூடேற்றும் கட்டணம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வெயிலே போதும்.

குளத்துப் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏ.சி.யை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஓட்டினால், உள்ளே வரும் ஈரக்காற்று சுருளில் பனியாக உறைந்து ஏ.சி. நின்றுவிடும். இளகி மறுபடி ஓட அரை நாள் ஆகும். 11 பேர், ஜூலை, ஏ.சி. இல்லை! 74-லேயே விட்டுவிட்டுக் கதவை மூடுங்கள். குளத்தைச் சுற்றிய குழந்தைத் தடுப்பு வேலியையும் கதவு அலாரத்தையும் தொல்லை என்று கழற்றாதீர்கள்.

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தட்டு மின் அடுப்பு. அடி உருண்ட வாணலி அதில் சூடேறாது, தட்டையான அடி உள்ள பாத்திரம் ஒன்று கொண்டுபோங்கள். மிளகாய் தாளிக்கும் முன் புகைப்போக்கியைப் போடுங்கள். இல்லையென்றால் கடுகு வெடிக்கும்போதே வீட்டிலுள்ள எல்லா அலாரமும் சேர்ந்து அலறும்.

கார் வாடகையில் சுங்கம் ஒரு பொறி. விமான நிலையத்திலிருந்து வரும் 417, 528 இரண்டும் சுங்கச் சாலைகள். கார் கம்பெனியின் சுங்கத் திட்டத்தில் சேர்ந்தால் சுங்கத்துக்கு மேல் நாள் கட்டணமும் விழும். ஆர்லாண்டோ விமான நிலையத்திலேயே விசிட்டர் டோல் பாஸ் என்று கண்ணாடியில் மாட்டும் அட்டை தருகிறார்கள். ஃபோனில் முதலிலேயே பதிந்து, திரும்பும்போது அதற்கான பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் இருக்கை வாடகைக்கு எடுக்க வேண்டாம், அமெரிக்க விமானங்கள் அதை இலவசமாக ஏற்றிக்கொள்கின்றன.

கேள்வி: ஹாரி பாட்டர் ரயிலில் போக என்ன டிக்கெட்?
*- 12 வயது வாசகர், பிளெய்னோ*

ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் யுனிவர்சல் ஸ்டுடியோஸிலிருந்து ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சருக்குப் போகிறது. ஏறுவது ஒரு பூங்கா, இறங்குவது இன்னொன்று. அதனால் ஒரே நாளில் இரண்டு பூங்காவுக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும். ஒரு பூங்கா டிக்கெட்டில் ரயில் கிடையாது. போகும்போது ஒரு காட்சி, திரும்பும்போது வேறு காட்சி ஜன்னலில் ஓடும், இரண்டு பக்கமும் போய் வா. ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வெஞ்சரில் வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டரும் உண்டு, 51 அங்குலம் (130 செ.மீ.) வேண்டும். பாக்கெட்டில் சாவி, ஃபோன், சில்லறை எதுவும் இருக்கக் கூடாது, உலோகச் சோதனை வைத்திருக்கிறார்கள். லாக்கர் இலவசம்.

கேள்வி: ஓய்வு நாளில் வீட்டிலேயே இருக்க வேண்டுமா? பக்கத்தில் ஏதாவது?
*- வாசகர், எடிசன்*

கிழக்கே ஒரு மணி நேரத்தில் கென்னடி விண்வெளி மையம் இருக்கிறது. ஆனால் அதுவும் நாள் முழுக்க நடைதான், ஓய்வு ஆகாது. வெகிவா ஸ்பிரிங்ஸ் போங்கள். தரைக்கு அடியிலிருந்து ஊறி வரும் ஊற்று, வருஷம் முழுக்கத் தண்ணீர் 22 டிகிரியிலேயே இருக்கும். குற்றாலத்தில் நின்றவர்களுக்கு அந்த முதல் சிலிர்ப்பு தெரியும். கோடை வார இறுதிகளில் இடம் நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள், எனவே வார நாளில், காலையில். நீந்தக் குறித்து விட்டிருக்கும் இடத்தைத் தாண்ட வேண்டாம். வாடகை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம், ஏரி எதுவானாலும் அதில் முதலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டும் நேரத்தில் பிள்ளைகளைக் கரையோரம் விடாதீர்கள்.